இரண்டு மாடித் தூரம்

இடது கன்னம் பாதி மழித்தாகியிருந்தது. அப்பா கண்ணைத் திறந்ததும் ஹிலரி கத்தியைச் சட்டென்று விலக்கிக்கொண்டாள்.

"மேவிஸ் வந்தாச்சா?" என்றார்.

நான்கு நாட்களாக அவர் பேசியதெல்லாம் ஒற்றைச் சொற்கள். தண்ணி. போதும். ஜன்னல். இப்போது வந்தது ஒரு முழுக் கேள்வி. அதிலும் அந்தப் பெயர். அந்த வீட்டில் யாரும் அதை உச்சரித்து இருபத்திரண்டு வருஷமாகியிருந்தது.

"எந்த மேவிஸ்ப்பா?" என்று கேட்டாள். அவர்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு மேவிஸ்தான் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

எட்கர் ஆட்ஸ்லி ஒரு பக்கம் சோப்பு நுரையோடு மகளைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த மனிதர் அவர். தேடுவது எது என்றே தெரியாமல் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும் பேராசிரியர்களை அவர் இப்படித்தான் பார்ப்பாராம். பிறகு கண்கள் மூடிக்கொண்டன. மீதிக் கன்னத்தையும் மழித்து, வெந்நீரில் நனைத்த துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெளியே அக்டோபர் மழை. மாடியில் இருந்த கட்டிலை மூன்று வாரம் முன்பு முன்னறைக்கு இறக்கியிருந்தார்கள். அன்றுதான் ஹிலரி நார்விச்சில் கணவனிடமும் தான் வேலை பார்த்த மருந்துக்கடையிலும் சொல்லிவிட்டு இங்கே வந்தாள். காலையில் வந்த நர்ஸ் மாக்ஸீன் அப்பாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொல்லியிருந்தாள்.

"யாருக்காவது சொல்லணும்னா இன்னிக்கே சொல்லிடுங்க. நாளைக்குன்னு தள்ளிப்போட வேணாம்."

சொல்வதற்கு யார் இருக்கிறார்கள் என்று அப்போது தோன்றியது. அம்மா நோரா போய் எட்டு வருஷமாகிறது. சித்தப்பா ஆஸ்திரேலியாவில். பல்கலைக்கழகத்தில் இப்போது இருப்பவர்களுக்கு அப்பா, படிக்கட்டில் மாட்டிய படங்களில் ஒன்று.

ஹிலரி சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை என்றால் மேவிஸ் ஆன்ட்டி. பன்னிரண்டு மணிக்கு வருவாள். தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே அடுப்பைத் திறந்து மாட்டிறைச்சியைப் பார்ப்பாள். "நோரா, இதுக்கு இன்னும் பத்து நிமிஷம் வேணும். உன் புருஷனுக்கு ஒருநாள் முழுக்கக் குடுத்தாலும் பத்தாது" என்பாள். மேவிஸ் டார்டாஃப் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நூலகத்தின் அட்டவணைப் பிரிவுக்குத் தலைவி. உள்ளே வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதி, அது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான். வேலையிடத்தில் அப்பாவை 'மிஸ்டர் ஆட்ஸ்லி' என்பாள். சாப்பாட்டு மேஜையில் எட்கர். அந்த இரண்டையும் அவள் ஒருபோதும் மாற்றிப் பேசியதில்லை என்று அம்மா சிரிப்பாள்.

அப்பா பஸ் கண்டக்டரின் மகன். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, நகர நூலகத்தில் புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்தும் வேலையில் சேர்ந்தவர். போருக்குப் போய்த் திரும்பி, மாலைகளில் படித்துப் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அப்போது அங்கே நூலகம் என்று ஒன்று தனியாக இல்லை. பிரதான கட்டடத்தின் நிலவறையிலும் தாழ்வாரங்களிலும் ஒரு பழைய குதிரை லாயத்திலும் புத்தகங்கள் சிதறிக் கிடந்தன. புதுக் கட்டடத்துக்காக ஆறு வருஷம் குழுவுக்குக் குழு போய்ச் சண்டை போட்டார். எட்டு மாடி. அதற்குள் மூன்று லட்சம் புத்தகங்களை ஒரே கோடையில் மாற்றியாக வேண்டும்.

அறுபத்தேழாம் வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் முழுவதும் அந்த மேஜையில் அதுதான் பேச்சு. உப்புக்குடுவை பழைய கட்டடம். கடுகுச் சாடி புதியது. நடுவில் சர்க்கரைக் கட்டிகள் வரிசையாக நகரும். மேவிஸ் தையல்காரர்கள் வைத்திருக்கும் நாடாவால் எல்லா அலமாரிகளையும் தானே அளந்து வைத்திருந்தாள்.

"வரலாறு மூணாவது மாடிக்குத்தான் போகணும், மேவிஸ்."

"போகாது, எட்கர். இடம் நாலடி உதைக்குது."

"எப்படி உதைக்கும்? நான் கணக்குப் போட்டிருக்கேன்."

"நீ கணக்குல போட்ட. நான் முட்டி போட்டு அளந்தேன்."

நான்கடி உதைத்தது. அப்பா ஒப்புக்கொண்டார். வரலாறு நான்காம் மாடிக்குப் போயிற்று.

இடமாற்றம் முடிகிற நாளில் கடைசியாகப் போக வேண்டிய புத்தகம் எது என்று பெரிய விவாதம் நடந்தது. துணைவேந்தர் வேதாகமம் என்றார். பேராசிரியர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மேவிஸ் தேர்ந்தெடுத்தது, பழைய ரயில் நேர அட்டவணைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கனமான தொகுதி. அதை வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. "பாவம், அதுக்கும் ஒரு நாளாவது மரியாதை கிடைக்கட்டும்" என்றாள். பல்கலைக்கழகமே வரிசையாக நின்று கைதட்ட, அப்பா மழையில் அந்த ரயில் அட்டவணையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். மேவிஸ் பக்கத்தில் குடை பிடித்து வந்தாள். குடை புத்தகத்துக்கு. அப்பா தொப்பலாக நனைந்துவிட்டார்.

எழுபதில் மாணவர்கள் நூலகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா போலீஸைக் கூப்பிட மறுத்தார். மேவிஸின் அட்டவணை அட்டைகள் இருந்த பெட்டிகளுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, "உக்காருங்க, கத்துங்க, படிக்கவும் செய்யலாம். இந்தப் பெட்டியில மட்டும் கை வைக்காதீங்க. இதை எழுத இருபது வருஷமாச்சு" என்றார். ஒருவனும் வைக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் ஹிலரி வளர்ந்தாள். என் அப்பா யாருக்கும் பயப்படாதவர் என்று பள்ளியிலும், பிறகு தன் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறாள்.

எண்பத்திரண்டு கிறிஸ்துமஸுக்குக் கணவனோடு வந்தபோது மேஜையில் மேவிஸ் இல்லை. "ஆன்ட்டி எங்கேம்மா?" என்று கேட்டாள். அம்மா உருளைக்கிழங்குத் தட்டை நீட்டியபடி, "லைப்ரரில பதினோரு பேரைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. அவளும் அதுல ஒருத்தி. அப்பாகிட்ட அதைப் பத்திப் பேசாதே" என்றாள். ஹிலரி பேசவில்லை. அடுத்த வருஷமும் பேசவில்லை. பிறகு அது பேசாத விஷயமாகவே ஆகிவிட்டது. எண்பத்தாறில் அப்பா ஓய்வு பெற்ற நாளில் நடந்த விருந்துக்கும் மேவிஸ் வரவில்லை.

ஒரே ஒரு முறை அவளைப் பார்த்தாள். அம்மாவின் அடக்கத்தன்று, தேவாலயத்தின் கடைசி வரிசையில், நரைத்த தலை. வழிபாடு முடிந்து எல்லோரும் ஹிலரியின் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, மேவிஸ் கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள். இருபதடி தூரம். போய்க் கூப்பிட்டிருக்கலாம். யாரோ எதையோ கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பியபோது கதவு காலியாக இருந்தது.

சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அம்மாவின் பழைய முகவரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். 'ட' பக்கத்தில் எண் இருந்தது. நகரத்து எண்களுக்கு முன்னால் இப்போது இரண்டு இலக்கம் கூடியிருந்தது. சேர்த்துச் சுழற்றினாள். எட்டாவது மணியில் எடுத்தார்கள்.

"டார்டாஃப்."

"ஆன்ட்டி... மிஸ் டார்டாஃப், நான் ஹிலரி பேசறேன்."

"எந்த ஹிலரி?"

"எட்கரோட பொண்ணு."

மறுமுனையில் வானொலியை யாரோ அணைத்த சத்தம் கேட்டது.

"அப்பாவுக்கு முடியல. இன்னிக்குத் தாண்டாதுன்னு சொல்றாங்க. காலையில உங்களைக் கேட்டார்."

"என்னன்னு கேட்டார்?"

"மேவிஸ் வந்தாச்சான்னு."

"ஒன்பது மணிக்கு முன்னாடி தினமும் அதைத்தான் கேப்பார்" என்றாள் மேவிஸ். குரலில் எதுவும் இல்லை. "இருபத்தொரு வருஷம் ஒருநாள்கூட நான் லேட்டா வந்ததில்ல. இருந்தாலும் கேப்பார்."

"உங்களுக்கு வர இஷ்டமில்லன்னா..."

"பஸ் மாறி வரணும். ரெண்டு பஸ்."

"டாக்ஸி அனுப்பறேன், ஆன்ட்டி."

"எனக்கு என்ன, கால் இல்லையா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. அப்பாவின் மூச்சு ஓடி, நின்று, யோசித்து மறுபடி ஓடியது. ஒவ்வொரு முறை நின்றபோதும் ஹிலரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒரு முறை பதினான்கு வரை போயிற்று. ஜன்னலுக்கு வெளியே மூன்று பஸ்கள் நிற்காமல் போயின. டாக்ஸியை அனுப்பியே இருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நான்காவது பஸ்ஸிலிருந்து, நீல மழைக்கோட்டும் கைத்தடியுமாக ஒரு சிறிய உருவம் இறங்கியது.

எழுபத்தெட்டு வயதில் மேவிஸ் பாதியாகிவிட்டிருந்தாள். கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. கதவைத் திறந்ததும் ஹிலரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்கம்மா மாதிரியே ஆயிட்ட, கண்ணு. நடையைத் தவிர. எங்கே இருக்கார்?"

"முன்னறையில. ஆன்ட்டி, அவர் ஒருவேளை உங்களை..."

"அடையாளம் தெரியாம இருக்கலாம். சரி. எனக்குத் தெரியும்ல?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள். கைத்தடியை முட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். ஹிலரி தேநீர் போடப் போனாள். தட்டோடு திரும்பியபோது கதவு பாதி திறந்திருந்தது. மேவிஸின் குரலைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் வந்துட்டேன், மிஸ்டர் ஆட்ஸ்லி."

கட்டிலில் அசைவு தெரிந்தது.

"என்னை வீட்டுக்கு அனுப்பினதுக்கு எனக்குக் கோபமில்ல. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கம்ப்யூட்டர் வந்தாச்சு, அட்டை எழுதறவளுக்கு என்ன வேலை? பதினோரு பேர் போகணும்னா அதுல சின்னப் பிள்ளை வச்சிருக்கிறவங்க போகக் கூடாது. உங்க இடத்துல நான் இருந்தாலும் என் பேரைத்தான் முதல்ல எழுதியிருப்பேன். ஆனா நீங்க அந்த வேலைநீக்கச் சீட்டைக் கவர்ல போட்டு அனுப்பினீங்க."

அப்பாவின் மூச்சு நின்றது. மறுபடி வந்தது.

"துறைக்குத் துறை சுத்துமே பழுப்புக் கவர், அதுல. மேல பேரை அடிச்சு அடிச்சு எழுதியிருப்பாங்களே. எனக்கு முன்னாடி தாவரவியல். அதை அடிச்சுட்டு என் பேரு. உங்க கையெழுத்து. விதை விலைப்பட்டியல் வந்த கவர்ல என் சீட்டு வந்துச்சு, எட்கர்."

கோப்பைகள் மோதாமல் இருக்க ஹிலரி தட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ரெண்டாவது மாடி. நான் கீழ்த்தளம். முப்பத்தாறு படி. அந்தக் கட்டடத்துல எல்லாத்தையும் அளந்தவ நான், எனக்குத் தெரியும். துணைவேந்தர் முன்னாடி நின்ன. ஐந்நூறு மாணவங்க முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்த. என்கிட்ட வர முப்பத்தாறு படி இறங்க முடியல உனக்கு."

உலர்ந்த தொண்டையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"லிஃப்ட்... ரிப்பேர்."

மேவிஸ் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள்கள் குலுங்க, கடைசியில் இருமல் வந்து கைக்குட்டையைத் தேடும் வரை சிரித்தாள். பழைய ஞாயிற்றுக்கிழமைகளின் சிரிப்பு அது. "படுபாவி" என்றாள். "படுபாவி, இப்பவும் கூட."

"வந்தேன்" என்றார் அப்பா.

"என்ன?"

"பாதி... இறங்கினேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு காத்திருந்தது. "நீ சிரிச்சுட்டு இருந்த. எல்லாரும்... சிரிச்சீங்க. கேட்டுச்சு. திரும்பிட்டேன்."

மேவிஸ் கைக்குட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கு ஜாய்ஸுக்குப் பிறந்தநாள்" என்றாள் கடைசியில். "கேக் வெட்டிட்டு இருந்தோம். காபி கேக். வந்திருந்தா உனக்கும் ஒரு துண்டு கிடைச்சிருக்கும்."

ஹிலரி அப்போதுதான் உள்ளே போனாள். தேநீர் ஆறியிருந்தது. மேவிஸ் அதைப் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தாள். கோட்டைக் கழற்றி ஹிலரியிடம் கொடுத்தாள்.

அதன் பிறகு அப்பா பேசவில்லை. மேவிஸ் மேஜையில் கிடந்த உள்ளூர்ச் செய்தித்தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அவருக்கு வாசிக்க ஆரம்பித்தாள். ரக்பி முடிவுகள். சந்தைத் தெருவில் குழாய் வெடித்தது. ஒரு பூனை காணவில்லை. பிழையாக அச்சாகியிருந்த இடங்களில் நிறுத்தி, "இதைப் பாரு, ரெண்டு 'ல' போடத் தெரியல, இவனெல்லாம் பத்திரிகை நடத்தறான்" என்றாள். அப்பாவின் விரல்கள் போர்வை மேல் இரண்டு முறை அசைந்தன. ஆமோதிப்பாக இருக்கலாம். ஹிலரி கட்டிலின் மறுபக்கம் அமர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் மங்கியதால் விளக்கைப் போட்டாள்.

மூன்றரைக்கு நார்விச்சிலிருந்து கணவன் போன் செய்தான். கூடத்தில் நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். இல்லை, இன்னும் இல்லை. சாப்பிட்டேன். இல்லை, நீ இப்போ கிளம்ப வேண்டாம். ஒருத்தங்க வந்திருக்காங்க. யாரா? அப்புறம் சொல்றேன். முன்னறையில் வாசிக்கும் குரல் நின்றுவிட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"ஹிலரி" என்றாள் மேவிஸ், குரலை உயர்த்தாமல். "இங்க வா, கண்ணு."

செய்தித்தாள் மடித்துக் கட்டிலில் கிடந்தது. மேவிஸ் தன் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். ஹிலரி எண்ண ஆரம்பித்தாள். பதினான்கு வந்தது, தாண்டியது. முப்பது வரை எண்ணிய பிறகு நிறுத்தினாள். அப்பாவின் முகத்தில், அவள் காலையில் மழித்தபோது தாடைக்குக் கீழே தவறவிட்ட நாலைந்து வெள்ளை முடிகள் விளக்கொளியில் தெரிந்தன.

"வலிச்சுதா?"

"இல்ல. வானிலை வாசிச்சுட்டு இருந்தேன். நாளைக்கும் மழைன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

ஹிலரி அழவில்லை. நாளை அழலாம் என்பதுபோல் இருந்தது. "அம்மாவோட அடக்கத்தன்னிக்கு உங்களைப் பார்த்தேன், ஆன்ட்டி" என்றாள். தான் ஏன் இப்போது அதைச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "கதவுகிட்ட நின்னீங்க."

"தெரியும்" என்றாள் மேவிஸ். "நீ பார்த்ததைப் பார்த்தேன்."

ஹிலரி எழுந்துபோய் மாக்ஸீனுக்குப் போன் செய்தாள். அவள் அரை மணியில் வந்து பார்க்க வேண்டியதைப் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, முன்னறை ஜன்னலைக் கையகலம் திறந்துவைத்தாள். மழையின் சத்தமும் ஈர மண் வாசனையும் உள்ளே வந்தன. படிவத்தை நிரப்பும்போது நாற்காலியில் இருந்த முதியவளைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க சொந்தமா?"

"கூட வேலை பார்த்தவ" என்றாள் மேவிஸ்.

டாக்டர் வர வேண்டும், பிறகு அடக்க ஏற்பாடு செய்பவர்கள். ஹிலரி மறுபடி போனில் இருந்தாள். முகவரியைச் சொன்னாள், எழுத்துக் கூட்டிப் பெயரைச் சொன்னாள், பிறந்த தேதியைச் சொன்னாள். தொழில் என்று கேட்டார்கள். நூலகர் என்றாள். ஓய்வுபெற்ற என்று சேர்க்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றாள்.

வைத்துவிட்டுத் திரும்பியபோது சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மேவிஸ் சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்த மூக்குக் குவளையையும் கழுவினாள். மூன்று வாரமாக ஹிலரிக்கு அந்தச் சமையலறையில் ஒவ்வொன்றையும் தேட வேண்டியிருந்தது.

"வச்சிடுங்க ஆன்ட்டி, நான் பார்த்துக்கறேன்" என்றாள் வாசலில் நின்றபடி.

மேவிஸ் திரும்பவில்லை. துடைத்த கோப்பைகளைக் கைப்பிடிகள் ஒரே பக்கம் பார்க்கும்படி இடது அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள். தட்டுகளை அதற்குக் கீழே வைத்தாள். கரண்டிகளைக் கதவோரத்து இழுப்பறையில் போட்டாள். அது பாதியில் சிக்கிக்கொள்ளும், சற்றுத் தூக்கித் தள்ள வேண்டும். தூக்கித் தள்ளினாள். பிறகு, பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, கதவுக்குப் பின்புறம் இருந்த ஆணியில் ஈரத் துண்டை மாட்டினாள்.